சிவப்புக் கோடு விழாத தப்புகள்

கணினியே எழுத்துப்பிழை பார்த்துவிடுகிறதே, அப்புறம் எதற்கு ஒரு ஆள் உட்கார்ந்து மெய்ப்பு பார்க்க வேண்டும் என்று எங்கள் அச்சகத்துக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்குக் காட்டுவதற்கென்றே ஒரு கோவில் அறிவிப்பின் கைப்பிரதியை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். சாமி சிலை ஊர்வலமாக எடுத்துச் செல்லப்படும் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்தார்கள். சிலைக்கு ஆங்கிலத்தில் 'ஐடல்'. கடைசியில் ஓ-வும் எல்-லும் வர வேண்டும். அவர்கள் எல்-லும் ஈ-யும் போட்டிருந்தார்கள். உச்சரிப்பு ஒன்றுதான். ஆனால் இந்த 'ஐடல்' என்றால் வேலைவெட்டி இல்லாமல் சும்மா கிடப்பவர்கள். சோம்பேறிகளைத் தோளில் சுமந்து வீதியுலா வரப்போகிறார்கள் என்று ஆகிவிட்டது. கணினி ஒரு கோடுகூடப் போடவில்லை. ஏன் போடும்? அதுவும் அகராதியில் இருக்கிற சொல்தானே.

நான் வேலை பார்ப்பது மொரிஷியஸ் தீவில், ரோஸ் ஹில் ஊரில் ஒரு சின்ன அச்சகத்தில். கல்யாணப் பத்திரிகை, காவடி நிகழ்ச்சி நிரல், ஓட்டல் மெனு, ஊறுகாய் பாட்டில் லேபிள், வக்கீல்களின் லெட்டர்ஹெட் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். மொரிஷியஸை 1810-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆனால் பிரெஞ்சு மொழியிலும் சட்டத்திலும் கை வைக்கவில்லை. அதனால் இன்றைக்கும் பள்ளிப் புத்தகம் ஆங்கிலம், செய்தித்தாள் பிரெஞ்சு, வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல், கோவிலில் தமிழ். இத்தனை மொழி இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைப் பிரித்தறிய, நம் தலைக்குள் ஏற்கெனவே இருக்கிற மற்ற மொழிகளைப் போல உதவி வேறு கிடையாது. எந்தச் சொல்லுக்கு எந்த மொழியைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தப்பான ஆளைக் கேட்டால் தப்பான பதில்தான் வரும்.

இதைப் பாண்டிச்சேரிக்காரர்கள் படித்தால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பிரெஞ்சு தெரியாதவர்கள் நடுவில் வரும் குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில எழுத்துகளை ஏ, ஈ, ஐ என்று அவற்றின் ஆங்கிலப் பெயராலேயே சொல்லிப் போகிறேன்.

நீளமான சொல்லா? பிரெஞ்சைக் கேளுங்கள்

1066-ல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரண்மனை, நீதிமன்றம், கணக்கு, சமையல் என்று பெரிய இடத்துச் சொற்கள் எல்லாம் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்து குவிந்தன. ஆகவே ஒரு சொல் கொஞ்சம் நீளமாக, ஆபீஸ் வாசனையோடு இருந்தால், பிரெஞ்சில் அதற்கு உறவுக்காரர் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

முதலில் 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்'. ஏ-யில் தொடங்குவதா ஈ-யில் தொடங்குவதா என்று கேட்காத ஆள் இல்லை. முன்னது வினைச்சொல், பின்னது பெயர்ச்சொல் என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். பாதிக் கிணறுதான் அது. பிரெஞ்சில் பாதிப்பதற்கு 'அஃபெக்தே', விளைவுக்கு 'எஃபே'. பேச்சுக்குப் பேச்சு 'ஆன் எஃபே' என்று சொல்கிறோமே, அதே எஃபேதான். மழை அறுவடையைப் பாதித்தது என்றால் ஏ. மழையின் விளைவு என்றால் ஈ. அப்புறம் வங்கிக் கடிதங்களில் ஒன்று வரும். பணம் செலுத்துவதை 'எஃபெக்ட் எ பேமென்ட்' என்று எழுதியிருப்பார்கள். இங்கே வினைச்சொல்தான், ஆனாலும் ஈ. பள்ளி விதியை மட்டும் நம்புகிறவர் அதைத் திருத்திக் கெடுத்துவிடுவார். பிரெஞ்சில் பணம் செலுத்துவது 'எஃபெக்துவே'. அதுவும் ஈ-தான்.

'பிரின்சிபல்' இரண்டு. பள்ளி முதல்வர், முக்கியமானது, கடனின் அசல் தொகை, இந்த மூன்றுக்கும் முடிவில் ஏ, எல். பிரெஞ்சிலும் அப்படியே 'ப்ரான்சிபால்'. கொள்கை என்ற பொருளில் வருவது எல், ஈ என்று முடியும். பிரெஞ்சில் அது 'ப்ரான்சிப்', கடைசி எழுத்து ஈ. முடிவு எழுத்தைப் பார்த்தால் போதும்.

அடுத்து 'டெசர்ட்'. சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்புக்கு இரண்டு எஸ். பாலைவனத்துக்கு ஒரே எஸ். பிரெஞ்சிலும் இதே கணக்குத்தான், அங்கே ஒலியே வேறு என்பதால் குழப்பமே இல்லை. காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு போட்டு, கடைசியில் பாயசம் என்று எழுதும் இடத்தில் ஒரு எஸ் விட்டுப்போனால் இலையில் மணல்தான்.

'காம்ப்ளிமென்ட்' என்பதில் நடு எழுத்து ஐ என்றால் பாராட்டு, ஈ என்றால் குறையை நிரப்பி முழுமையாக்குவது. பிரெஞ்சிலும் ஐ, ஈ அதே இடத்தில் நிற்கின்றன. கடற்கரை ஓட்டல்களின் கூப்பன் அடிக்கும்போது இது அடிக்கடி வரும். வரவேற்புப் பானம் இலவசம் என்று சொல்ல 'காம்ப்ளிமென்டரி' போடுவார்கள். இலவசம் என்பது மரியாதைக்காகக் கொடுப்பது, பாராட்டின் பக்கம். அதனால் ஐ.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி 'ஸ்டேஷனரி'. பேனா, காகிதம் விற்கும் கடைச் சரக்குக்கு ஈ. அசையாமல் நிற்பதற்கு ஏ. நினைவில் வைத்துக்கொள்ளப் புத்தகங்களில் என்னென்னவோ தந்திரம் போட்டிருப்பார்கள். இந்தத் தீவில் இருப்பவர்களுக்கு எதுவும் தேவையில்லை. சம்மரில் புயல் வந்தால் வக்வாவில் இருக்கும் வானிலை ஆய்வு நிலையத்தின் அறிவிப்பை வானொலியில் கேட்டபடிதானே உட்கார்ந்திருக்கிறோம்? புயல் நகராமல் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் பிரெஞ்சில் 'ஸ்டேசியோனேர்'. அதை எழுதினால் முடிவுப் பகுதியில் ஏ இருக்கும். அதே ஏ-தான் ஆங்கிலத்திலும். காகிதக் கடைக்கு வந்தால் பேக்கரி, குரோசரி வரிசையில் அதையும் சேர்த்துவிடுங்கள். எல்லாம் கடை, எல்லாவற்றிலும் ஈ.

துண்டுக்கு 'பீஸ்', பிரெஞ்சில் 'பியெஸ்', இரண்டிலும் ஐ முந்தி ஈ பிந்தி. அமைதிக்கான 'பீஸ்' அந்த வரிசைக்கு வராது. சமவெளிக்கும், கலப்பில்லாத வெறும் பொருளுக்கும் வரும் 'ப்ளெய்ன்' என்றால் ப்ளேன் வெர்த் பேட்டையின் பெயர்ப் பலகையைக் கண்ணுக்குள் கொண்டுவாருங்கள், ஏ-யும் ஐ-யும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். விமானத்துக்கு ஐ கிடையாது. மைதா மாவுப் பொட்டலத்தில் இந்தச் சமவெளிதான் வரும். மாவு என்றதும் இன்னொன்று: பூவுக்கும் மாவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி, 'ஃப்ளவர்'. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே சொல்லாகத்தான் இருந்தன, அரைத்ததில் மேலான பகுதியைப் பூ என்று சொன்னார்கள். இன்றைக்குப் பூவுக்கு டபிள்யூ, மாவுக்கு யூ. தால் பூரிக் கடைக்காரர் ஒருவர் பூவில் பூரி செய்வதாக எழுதிக் கொடுத்தார். கேட்க அழகாகத்தான் இருந்தது.

பிரெஞ்சு கவிழ்த்துவிடும் இடங்கள்

எல்லா இடத்திலும் பிரெஞ்சை நம்பினால் ஆபத்து. ஊழியர்களைக் குறிக்கும் 'பர்சனெல்', சொந்த விஷயம் என்ற 'பர்சனல்' இரண்டுக்கும் பிரெஞ்சில் ஒரே சொல். இரண்டு என், ஈ, எல் என்று எழுதிப் பழகிய கை ஆங்கிலத்திலும் அதையே போடும். அந்தரங்கக் கடிதம் என்று உறை மேல் அச்சடிக்கச் சொன்னால் ஊழியர் கடிதம் என்று ஆகிவிடும். ஆங்கிலத்தில் சொந்த விஷயத்துக்கு ஒரே என்-னும் ஏ-யும்தான்.

'கான்செய்' என்ற ஒரே பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது. நகரசபை, மாவட்ட சபை எல்லாம் நடுவில் சி உள்ள 'கவுன்சில்'. ஆலோசனையும் வழக்கறிஞரும் எஸ் உள்ள 'கவுன்சல்'. வக்கீலுக்கு 'சீனியர் கவுன்சல்' பட்டம் கிடைத்துப் புது லெட்டர்ஹெட் அடிக்க வரும்போது சி போட்டுக் கொடுத்தால், அவர் மூத்த நகரசபை ஆகிவிடுவார். வக்கீலிடம் போய் அச்சுப்பிழை செய்வதைப் போன்ற முட்டாள்தனம் வேறு இல்லை.

மனத்தெம்புக்கு ஆங்கிலத்தில் 'மொராள்', கடைசியில் ஈ உண்டு. ஒழுக்கநெறிக்கு 'மாரல்', ஈ கிடையாது. பிரெஞ்சில் அப்படியே தலைகீழ். தெம்புக்கு ஈ இல்லை, நெறிக்கு ஈ உண்டு. பிரெஞ்சு சொல்வதைக் கேட்டு அதற்கு நேரெதிராகச் செய்யுங்கள்.

ஒலி ஒன்றாக இருப்பது ஒரு பக்கம். முகம் ஒன்றாக இருந்து பொருள் வேறாக இருப்பது இன்னும் மோசம். கடைத்தெருவில் 'லிப்ரெரி' என்று பலகை மாட்டியிருப்பது புத்தகக் கடை. ஆங்கிலத்து 'லைப்ரரி' நூலகம். 'அக்துவெல்மான்' என்றால் இப்போது, 'ஆக்சுவலி' என்றால் உண்மையில். 'எவாந்துவெல்மான்' என்றால் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். 'ஈவென்சுவலி' என்றால் கடைசியில் நடந்தே தீர்ந்தது. இதில் ஒப்பந்தமே புரண்டுவிடும், ஆகவே கடிதத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கேட்காமல் நான் நகர மாட்டேன்.

இந்த வரிசையில் மகுடம் ஊறுகாய் லேபிளுக்குத்தான். வீட்டில் மாங்காய் அசார் போட்டு விற்கும் ஒரு அம்மா, ஆங்கிலத்தில் 'நோ ப்ரிசர்வேட்டிவ்ஸ்' என்று சரியாக எழுதி, கீழே பிரெஞ்சில் 'சான் ப்ரெசெர்வாத்தீஃப்' என்று எழுதிக் கொண்டுவந்தார். பிரெஞ்சில் அதற்கு ஆணுறை இல்லாமல் என்று பொருள். அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் பையன் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா, பிரெஞ்சில் இதற்கு 'கான்செர்வாத்தர்' என்றுதான் போடுவார்கள்" என்று மட்டும் சொல்லி மாற்றிக் கொடுத்தேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சின்னச் சொற்கள்

தேர், யுவர், இட்ஸ், ஹியர் போன்ற வீட்டுச் சொற்களுக்குப் பிரெஞ்சு உதவாது. அவை பிரெஞ்சிலிருந்து வந்தவை அல்ல. இவற்றுக்கு இரண்டே கேள்விதான்.

மேற்கமா இருக்கிறதா? பிரித்துப் படியுங்கள். 'இட்ஸ்' மேற்கமாவோடு வந்தால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். வாக்கியம் தள்ளாடினால் மேற்கமாவை எடுத்துவிடுங்கள். 'யுவர்', 'ஹூஸ்' எல்லாவற்றுக்கும் இதுவே. உடைமையைக் காட்டத்தானே மேற்கமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். 'ஹிஸ்' என்பதில் மேற்கமா போடுகிறீர்களா? இல்லையே. இட்ஸும் அதன் தம்பிதான்.

மேற்கமா இல்லையென்றால், உள்ளே யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இடத்தைச் சொல்லும் 'தேர்' உள்ளே 'ஹியர்' இருக்கிறது. அங்கே, இங்கே இரண்டும் ஒரே குடும்பம், எங்கே என்ற 'வேர்' அதன் அக்கா. அவர்களுடைய என்னும் 'தேர்' உள்ளே வாரிசு என்ற சொல் இருக்கிறது, வாரிசு என்றாலே சொத்து. கேட்பது என்ற 'ஹியர்' உள்ளே காது இருக்கிறது. வானிலையா, அல்லது இதுவா அதுவா என்ற 'வெதரா' என்று சந்தேகம் வந்தால், கேள்விச் சொற்களான வாட், விச், வென் எல்லாம் டபிள்யூ, எச் என்றே தொடங்குவதைப் பாருங்கள். கேள்வியின் பக்கம் உள்ளதும் அப்படித்தான். வானிலைக்கு அந்த எச் இல்லை. வண்டியின் பிரேக்கும் உடைக்கிற பிரேக்கும் குழம்பினால், உடைப்பதில்தான் பிரேக்ஃபாஸ்ட் இருக்கிறது.

'லூஸ்' என்பதில் நமக்குத் தமிழே கைகொடுக்கும். சட்டை லூஸ், அவன் ஒரு லூசு, இதெல்லாம் இரண்டு ஓ. தொலைப்பதற்கு ஒரே ஓ.

காதில் விழும்போதே கெட்டுப்போகிறவை

பாதி ஆர்டர் தொலைபேசியில் வருகிறது. பிரெஞ்சிலும் கிரியோலிலும் இ, ஈ என்ற குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. அதனால் ஃபில் - ஃபீல், சிட் - சீட், லிவ் - லீவ், ஷிப் - ஷீப் எல்லாம் இங்கே ஒன்றாகவே ஒலிக்கும். படிவத்தை நிரப்பவும் என்பதற்குப் பதில் படிவத்தை உணரவும் என்று எத்தனையோ முறை வந்திருக்கிறது. இந்த இடத்தில் தமிழ் படித்த பிள்ளைகள் ராஜா. விடு வேறு, வீடு வேறு என்று தெரிந்தவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை. சந்தேகம் வந்தால் அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள், குறிலா நெடிலா என்று தானாகவே தெரியும்.

ஆனால் கோட் என்று தமிழில் எழுதினால் அது மேல்சட்டையா ஆடா? பேக் என்றால் பையா முதுகா? க-வும் ப-வும் நம் எழுத்தில் இரட்டை வேலை பார்ப்பவை. அந்த இடத்தில் தமிழை ஒதுக்கிவைத்துவிட்டுக் கிரியோலுக்கு வாருங்கள். பிறந்தநாளுக்கு வெட்டுவது கத்தோ, கையில் கொடுப்பது கதோ. முதல் எழுத்து ஒன்றில் ஜி, மற்றதில் கே. கேக்கையும் பரிசையும் எந்தக் குழந்தையும் மாற்றிச் சொல்வதில்லை. அந்த நாக்கே ஆட்டையும் கோட்டையும் பிரித்துவிடும்.

எச் எழுத்துக்குத் துணை யாரும் இல்லை. எங்கள் ஊரையே கிரியோலில் ரோஸில் என்றுதான் சொல்கிறோம், எச் காற்றோடு போய்விட்டது. போன எச் வேறு எங்காவது வந்து ஒட்டிக்கொள்ளும். கல்யாண மண்டபம் குளிரூட்டப்பட்டது என்று எழுத நினைத்து, முடிக்கு மருந்து போட்ட மண்டபம் என்று எழுதிவிடுகிறார்கள். 'ஏர்' முன்னால் ஒரு எச் கூடிவிட்டது, அவ்வளவுதான். ஹீட் - ஈட், ஹோல்ட் - ஓல்ட் இவற்றையும் எழுதும்போதே அகராதியில் பார்த்துவிடுவது நல்லது.

தொலைபேசியில் எழுத்துக்கூட்டிச் சொல்வதில் வேறொரு குழி இருக்கிறது. 'ஈ' என்று ஒருவர் சொன்னால் ஆங்கிலத்தில் ஐந்தாம் எழுத்து. பிரெஞ்சில் அதே ஒலி ஐ-யின் பெயர். ஜி-யும் ஜே-யும் இரண்டு மொழியிலும் கிட்டத்தட்டப் பெயரை மாற்றி வைத்துக்கொண்டிருக்கின்றன. மேலே சொன்ன காம்ப்ளிமென்ட் ஜோடியின் வித்தியாசமே ஈ-யா ஐ-யா என்பதுதான். ஆகவே முதல் கேள்வியாக, ஆங்கில எழுத்தா பிரெஞ்சு எழுத்தா என்று கேட்டுவிடுங்கள். மணப்பெண் பெயரை எழுதும்போது இன்னும் முக்கியம். பிறகு வாட்ஸாப்பில் எழுதி அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

திருத்தும் முறை

உரக்கப் படித்துப் பார், பிழை தெரியும் என்பார்கள். விட்டுப்போன சொல், நீண்டுபோன வாக்கியம் இதற்கெல்லாம் சரி. ஒலி ஒன்றாக இருக்கும் சொற்களுக்கு அது வீண், உரக்கப் படித்தால் சோம்பேறியும் சாமியும் ஒன்றாகத்தான் கேட்கும். கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிப்பதும் இங்கே உதவாது, வாக்கியம் இல்லாமல் பொருள் இல்லை.

நான் செய்வது இது. சந்தேக ஆசாமிகள் என்று ஒரு பட்டியல் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. ஜோடி ஜோடியாக எழுதவில்லை, ஏனென்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நாளில் எது எது என்று மறந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியம், அதுவும் எங்களிடம் உண்மையாக வந்த வாக்கியம். கண்ட்ரோல், எஃப் இரண்டையும் அழுத்தி, பட்டியலில் உள்ள சொல்லை ஒவ்வொன்றாகக் கோப்பில் தேடுவேன். நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் முழு வாக்கியத்தைப் படித்துப் பொருளைக் கேட்பேன். ஜோடியில் இரண்டையுமே தேட வேண்டும், ஒன்றை மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். ஒரு பக்க அறிவிப்புக்கு இதெல்லாம் ஒரு டீ ஆறும் நேரம். உங்கள் பட்டியலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், என்னுடையது உங்களுக்குப் பாதிகூடப் பயன்படாது. உங்கள் கை எங்கே வழுக்கும் என்று உங்களுக்குத்தானே தெரியும்.

இதற்கெல்லாம் முன்னால் கோப்பின் மொழி அமைப்பைப் பாருங்கள். இங்கே கடிதம் பிரெஞ்சில் தொடங்கி ஆங்கிலத்தில் முடியும், கணினி தானாகவே மொழியை ஊகித்துத் தப்பாக எடுத்துக்கொள்ளும். மார்ச் 12 சுதந்திர தினத்துக்கு வரும் பதாகைகளில் ஆங்கில 'இண்டிபெண்டன்ஸ்' நடுவே ஈ-க்குப் பதில் ஏ இருந்தால், பிரெஞ்சு அமைப்பில் உள்ள கணினி அந்த ஏ-யைத் தப்பென்று சொல்லாது, அங்கே ஏ-தான் முறை. ஆங்கிலப் பகுதியைத் தேர்வு செய்து பிரிட்டிஷ் ஆங்கிலம் என்று வையுங்கள், அமெரிக்க ஆங்கிலம் வேண்டாம். 'லைசென்ஸ்', 'ப்ராக்டிஸ்' இரண்டிலும் நம் பள்ளி முறைப்படி பெயர்ச்சொல்லுக்கு சி, வினைச்சொல்லுக்கு எஸ். அமெரிக்கர்கள் முதலாவதை எப்போதும் எஸ் என்றும் இரண்டாவதை எப்போதும் சி என்றும் எழுதுவார்கள், அந்த அமைப்பில் விட்டால் சரியாக எழுதியதற்குக் கோடு விழும். எது சி எது எஸ் என்று தடுமாறினால் 'அட்வைஸ்' சொல்லிப் பாருங்கள். அறிவுரை என்னும்போது ஸ் என்று சீறும், அறிவுரை சொல்வது என்னும்போது இசட் போல அதிரும். சீறினால் சி, அதிர்ந்தால் எஸ், மற்ற இரண்டுக்கும் அதே.